ஊரடங்கில் காணாமல் போன சளி வைரஸ்கள் திரும்பி வந்த விதம்

டிசம்பர் மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்தில் நல்ல கோடை. அங்கே குளிர்காலம் ஜூனில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்துவிடும். குழந்தைகளுக்கு வரும் சளி, இருமல், இழுப்பு எல்லாம் பெரும்பாலும் அந்த மாதங்களோடு சரி. ஆனால் 2020 டிசம்பரில், மூச்சுக்குத் திணறி அந்த ஊர் மருத்துவமனைக்கு வந்த சின்னப் பிள்ளைகளிடம் ஒரு வைரஸ் தொடர்ந்து கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எண்ணிக்கை முந்தைய எட்டு ஆண்டுகளின் வழக்கமான குளிர்கால உச்சத்தையே தாண்டியது. அது கோவிட் இல்லை. 1956இலேயே கண்டுபிடிக்கப்பட்ட, ஆர்.எஸ்.வி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பழைய சளி வைரஸ். இரண்டு வயது முடிவதற்குள் உலகின் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொட்டுவிடும் வைரஸ் அது. அதே ஆண்டின் குளிர்காலத்தில் அது அங்கே கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்தது. வழக்கமான அளவிலிருந்து 98 சதவீதச் சரிவு. ஃப்ளூ அதைவிடவும் கீழே போய், 99 சதவீதத்துக்கு மேல் சரிந்திருந்தது.

பருவத்தில் வராதது பருவம் தப்பி, பெரிதாக வந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் இதே காட்சி உலகமெங்கும் வேறுவேறு மாதங்களில், வேறுவேறு வைரஸ்களோடு நடந்தது. "பிள்ளைகளுக்கு எதிர்ப்பு சக்தியே போயிடுச்சு", "மாஸ்க் போட்டுப் போட்டு உடம்பு கெட்டுப்போச்சு", "கோவிட் வந்ததால்தான் இதெல்லாம்" என்ற பேச்சு நம் வீடுகளிலும் இன்றுவரை ஓயவில்லை. இந்த மூன்றையும் சோதித்துப் பார்க்க பெர்த் நல்ல இடம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில், அந்த வைரஸ்கள் எப்படிக் காணாமல் போயின என்று பார்த்துவிடலாம்.

2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஆஸ்திரேலியா, சிலி, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலும் சேர்த்து 83,307 மாதிரிகள் ஃப்ளூவுக்காகச் சோதிக்கப்பட்டன. அவற்றில் ஃப்ளூ இருந்தது 51இல்தான். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில், இதே மாதங்களில் சோதித்த 1,78,690 மாதிரிகளில் 24,512இல் ஃப்ளூ இருந்தது. சோதனை குறைந்ததால் எண்ணிக்கை குறைந்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது. தேடியும் கிடைக்கவில்லை.

கோவிட்டைப் பல நாடுகளில் அடக்க முடியாத அதே கட்டுப்பாடுகள் ஃப்ளூவை மட்டும் எப்படித் துடைத்தெடுத்தன? எளிய கணக்குதான். ஃப்ளூ வந்த ஒருவர் சராசரியாகச் சுமார் 1.3 பேருக்கு அதைக் கொடுக்கிறார். 2020இல் பரவிய கோவிட் வைரஸ் ஒருவரிடமிருந்து இரண்டரை, மூன்று பேருக்குப் போனது. மக்கள் ஒருவரையொருவர் சந்திப்பது பாதியாகக் குறைந்தால் ஃப்ளூவின் எண் 0.65 ஆகிவிடும். அதாவது நூறு பேரிடமிருந்து 65 பேருக்கு, அவர்களிடமிருந்து 42 பேருக்கு என்று தேய்ந்து, சில வாரங்களில் சங்கிலியே அறுந்துவிடும். கோவிட்டின் எண்ணைப் பாதியாக்கினாலும் அது ஒன்றுக்கு மேலேயே நிற்கும். வேகம் குறையுமே தவிரப் பரவல் நிற்காது. இதோடு விமானங்களும் நின்றன. ஃப்ளூ, குறிப்பாக எச்3என்2 வகை, ஆண்டுதோறும் கிழக்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியா பக்கமிருந்து பயணிகளோடு ஊர் ஊராகப் போய் விதை தூவும் வைரஸ். பயணம் நின்றதும் பல நாடுகளுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

எல்லா வைரஸும் இப்படி மறையவில்லை. சாதாரண மூக்கொழுகலுக்குப் பெரும்பாலும் காரணமான ரைனோவைரஸ் ஊரடங்கையும் தாக்குப்பிடித்தது. நியூசிலாந்தின் 2020 ஊரடங்கில் ஃப்ளூ 99.9 சதவீதமும் ஆர்.எஸ்.வி. 98 சதவீதமும் குறைந்தன. ரைனோவைரஸ் குறைந்தது ஏறக்குறைய 75 சதவீதம்தான். கதவைத் திறந்ததும் முதலில் வந்ததும் அதுவே. ஹாங்காங்கில் 2020 செப்டம்பர் இறுதியில் பள்ளிகள் திறந்தன. பிள்ளைகள் எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். அப்படியும் அடுத்த இரண்டு மாதங்களுக்குள் நூற்றுக்கணக்கான பள்ளிகளில் சளி பரவி, மழலையர் பள்ளிகளை மறுபடி மூட வேண்டியதாயிற்று. ஃப்ளூவுக்கும் கோவிட்டுக்கும் மேலே கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். ரைனோவைரஸுக்கு அந்த உறை கிடையாது. கையிலும் கதவுப் பிடியிலும் மணிக்கணக்கில் தாங்கும். மாஸ்க் அதைத் தடுத்த அளவும் ஃப்ளூவையும் சாதாரணச் சளி தரும் கொரோனா வைரஸ்களையும் தடுத்ததைவிடக் குறைவு என்று சோதனைகளில் தெரிந்தது. அதில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் வேறு. ஒன்றுக்கு எதிராக உடம்பு தயாரானாலும் அடுத்த வகைக்கு வழி திறந்தேதான் இருக்கிறது.

சரி, பெர்த்துக்கு வருவோம். அந்தக் கோடையில் ஆர்.எஸ்.வி. உறுதியான குழந்தைகளின் வயதைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. முந்தைய ஆண்டுகளில் அவர்களின் நடு வயது ஏழு மாதத்துக்கும் பன்னிரண்டரை மாதத்துக்கும் இடையில் இருந்தது. 2020இல் அது 18.4 மாதம். குழந்தைகளின் உடம்பே பலவீனமாகிப்போயிருந்தால் எல்லா வயதிலும் ஒரே மாதிரி கூடியிருக்க வேண்டும். கூடியது நடக்கத் தொடங்கிய வயதுப் பிள்ளைகள் பக்கம். முந்தைய குளிர்காலத்தில், ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளாக இருந்தபோது இந்த வைரஸைச் சந்தித்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். சந்திக்காமல் வளர்ந்துவிட்டார்கள். அதற்குள் அடுத்த தொகுதிக் குழந்தைகளும் பிறந்துவிட்டார்கள். வைரஸ் வந்தபோது இரண்டு தொகுதியும் சேர்ந்து காத்திருந்தன.

பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பஸ் வராமல் போனால் மூன்றாவது பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அதற்காக ஊரில் திடீரென ஜனத்தொகை கூடிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆர்.எஸ்.வி. விஷயத்தில் நடந்ததும் அந்தக் கூட்டம்தான்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. வடக்கு அட்லாண்டிக்கில் டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட ஃபாரோ தீவுகளில் 1781இல் ஒரு தட்டம்மைத் தொற்று வந்து போனது. பிறகு 65 ஆண்டுகள் அந்த நோய் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. 1846 மார்ச் மாதக் கடைசியில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்த ஒரு மரவேலைக்காரரோடு அது மறுபடி இறங்கியது. தீவுகளின் மொத்த மக்கள்தொகை 7,782. சில மாதங்களில் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய மருத்துவர்களில் ஒருவர் பீட்டர் லுட்விக் பானும், அப்போது இருபத்தைந்து வயது இளைஞர். ஊர் ஊராகப் போய் யாருக்கு, எந்த நாளில், யாரிடமிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டே வந்தார். அவர் எழுதி வைத்ததில் ஒரு செய்தி இன்றைக்கும் தொற்றுநோயியல் வகுப்புகளில் சொல்லப்படுகிறது: 1781இல் சிறுவயதில் தட்டம்மை கண்டு, அப்போதும் உயிரோடிருந்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட அது இரண்டாவது முறை வரவில்லை. 65 ஆண்டுகளாக அந்த வைரஸை அவர்கள் உடம்பு பார்க்கவே இல்லை. 'பழக்கம் விட்டுப்போய்' அவர்களின் எதிர்ப்பு சக்தி தூங்கிவிடவில்லை.

தட்டம்மை ஒருமுறை வந்தால் வாழ்நாள் பாதுகாப்பு தரும் நோய். ஃப்ளூவும் ஆர்.எஸ்.வி.யும் அப்படியல்ல, மறுபடி மறுபடி வரும். ஆனால் 1977இல் ஃப்ளூவும் இதே பாடத்தைக் காட்டியது. 1918 பெருந்தொற்றின் வழிவந்த எச்1என்1 வகை, 1957இல் வேறொரு ஃப்ளூ பெருந்தொற்றாகக் கிளம்பியதும் மனிதர்களிடமிருந்து மறைந்துவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1977இல் வடக்குச் சீனாவிலும் பிறகு சோவியத் ஒன்றியத்திலும் அது திரும்ப முளைத்தது. 1950களில் பரவிய வைரஸோடு அது அச்சாக ஒத்திருந்ததால், ஆய்வகத்திலிருந்தோ தடுப்பூசிப் பரிசோதனையிலிருந்தோ வெளிவந்திருக்கலாம் என்று பல விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். அது தனிக் கதை. நமக்கு வேண்டியது, அது யாரைப் பிடித்தது என்பது. பள்ளி, கல்லூரி மாணவர்களையும் இளம் சிப்பாய்களையும் சுற்றி வளைத்தது. இருபத்தாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். முன்பே அதைச் சந்தித்தவர்கள் அவர்கள்.

இப்போது பெர்த் ஏன் நல்ல சோதனைக்களம் என்று சொல்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியா 2020 ஏப்ரலில் தன் எல்லையை மூடியது. பக்கத்து மாநிலத்துக்காரர்கள்கூட இஷ்டத்துக்கு வர முடியாது. அந்த ஆண்டு முழுவதும் மாநிலத்தில் பதிவான கோவிட் நோயாளிகள் ஆயிரத்தை எட்டவில்லை. அதிலும் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்த பயணிகள். ஆகவே, ஆர்.எஸ்.வி.க்குப் படுத்த அந்தக் குழந்தைகளுக்குக் கோவிட் வந்து எதிர்ப்பு சக்தி சிதைந்தது என்ற பேச்சு அங்கே நிற்காது. மாஸ்க்? 2020இல் அங்கே மாஸ்க் கட்டாயமே இல்லை. முதன்முதலில் கட்டாயமானது 2021 ஜனவரி இறுதியில். பள்ளிகள்? 2020 மே மாதத்திலேயே வழக்கம்போல் நடந்தன. பிள்ளைகள் மண்ணில் விளையாடினார்கள், கட்டிப்பிடித்தார்கள், ஒருவர் மூக்கை ஒருவர் துடைத்தார்கள். இல்லாமல் போனது ஆர்.எஸ்.வி.யும் ஃப்ளூவும்தான். கோவிட்டும் மாஸ்க்கும் பூட்டிய பள்ளியும் இல்லாத ஊரிலேயே ஆர்.எஸ்.வி. இப்படித் திரும்பியது என்றால், பழியை அவற்றின் மேல் போடுவதில் அர்த்தமில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'எதிர்ப்பு சக்தியைப் பழக்க வேண்டும், சளி பிடித்தால் பிடிக்கட்டும்' என்ற எண்ணம் நல்ல மனதோடு சொல்லப்பட்டாலும் கைக்குழந்தை விஷயத்தில் ஆபத்தானது. ஆர்.எஸ்.வி. ஒரு குழந்தையை இரண்டு மாதத்தில் பிடிப்பதும் இருபது மாதத்தில் பிடிப்பதும் ஒன்றல்ல. தள்ளிப்போன ஒவ்வொரு மாதமும் அந்தத் தனிக் குழந்தைக்கு லாபமே; அதற்குள் மூச்சுக்குழாய் பெரிதாகியிருக்கும். சிக்கல், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் தள்ளிப்போய், ஒரே நேரத்தில் திரும்பும்போது வருகிறது. தனி உடம்பில் எதுவும் கெடவில்லை; ஆஸ்பத்திரிப் படுக்கைகள் போதவில்லை.

இதில் ஒரு நுணுக்கம். பிறந்த குழந்தைக்கு முதல் சில மாதங்கள் துணை நிற்பது, கர்ப்பத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள். தாய்மார்களும் அவ்வப்போது லேசான சளியாக ஆர்.எஸ்.வி.யைச் சந்திப்பதால்தான் அந்தப் புரதங்களின் அளவு குறையாமல் இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் எடுத்த ரத்த மாதிரிகளில் 2020ஐவிட 2021இல் அது குறைந்திருந்தது, பெண்களிடமும் கைக்குழந்தைகளிடமும். ஆக, ஒன்றரை வயதுப் பிள்ளைகள் காத்திருந்ததோடு, புதிதாகப் பிறந்தவர்களுக்குக் கிடைத்த கவசமும் கொஞ்சம் மெலிதாகியிருந்தது. பெருந்தொற்றின் விளைவு இந்த அளவுக்கு உடம்புக்குள் இறங்கியது என்பது உண்மை. அதைக் 'கெட்டுப்போன எதிர்ப்பு சக்தி' என்று சொல்வதற்கில்லை.

கைக்குழந்தையின் நுரையீரலில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். மூச்சுக்குழாய் கிளைகிளையாகப் பிரிந்து கடைசியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்குழாய்களாகிறது. ஆர்.எஸ்.வி. அவற்றின் உட்சுவரைத் தாக்கும். சுவர் வீங்கும், செத்த செல்களும் கோழையும் அடைக்கும். குழாயின் ஆரம் பாதியானால் காற்றுக்கு எதிரான தடை இரண்டு மடங்கு கூடும் என்று நினைப்போம். உண்மையில் பதினாறு மடங்கு கூடுகிறது. பெரியவர்களின் குழாயில் கொஞ்சம் வீக்கம் வந்தால் இருமலோடு போய்விடும். இரண்டு மாதக் குழந்தைக்கு அதே வீக்கம் மூச்சையே அடைக்கும். குழந்தை மூக்கால்தான் பெரும்பாலும் மூச்சு விடுகிறது, பால் குடிக்கும்போதும். மூக்கும் அடைத்தால் பால் குடிக்க முடியாது. நோய் தொடங்கி மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரைதான் கடுமை. முதல் நாள் டாக்டரிடம் காட்டிவிட்டோம் என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவது, மூக்குத் துவாரம் விடைப்பது, முனகல், வழக்கத்தில் பாதிகூடப் பால் குடிக்காதது, மூத்திரம் குறைவது, இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறைக்கு மேலோ ஒரு வயதுக்குட்பட்டது 50 முறைக்கு மேலோ மூச்சு விடுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அங்கே தரும் சிகிச்சை மூக்கைச் சுத்தம் செய்வது, ஆக்ஸிஜன், நீர்ச்சத்து. ஆன்டிபயாட்டிக் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. ஆஸ்துமாவுக்கு வைக்கும் நெபுலைசர் மருந்தும் இந்த வயதில் இந்த நோய்க்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. 'ஒண்ணுமே கொடுக்காம விட்டுட்டாங்க' என்று டாக்டர் மேல் கோபப்பட வேண்டாம். ஆக்ஸிஜன் அளவைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதே அங்கே சரியான வைத்தியம்.

வைரஸ் எங்கே ஒளிந்திருந்தது என்ற கேள்விக்கு மரபணு ஆய்வு பதில் தந்தது. பெருந்தொற்றுக்கு முன் ஆஸ்திரேலியாவில் ஆர்.எஸ்.வி.யின் ஏ, பி வகைகளும் அவற்றின் ஏராளமான கிளைகளும் சேர்ந்தே சுற்றிக்கொண்டிருந்தன. 2020 கடைசியில் வெடித்தவற்றின் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்தால், பெரும்பாலும் ஏ வகையின் இரண்டே கிளைகள். மற்றவை அங்கே அறுந்துபோயிருந்தன. தப்பிய அந்த இரண்டும் சில மாதங்களாக யார் கண்ணிலும் படாமல் உள்ளூரிலேயே வீடு வீடாக நகர்ந்துகொண்டிருந்து, கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் கிளம்பியிருக்கின்றன. நியூசிலாந்தின் கதை கொஞ்சம் வேறு. 2021 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவோடு தனிமைப்படுத்தல் இல்லாத பயணம் தொடங்கியது. ஜூன், ஜூலையில் அங்கே குழந்தைகள் வார்டுகள் நிரம்பின. சில மருத்துவமனைகள் விளையாட்டு அறைகளைக்கூட வார்டாக மாற்றின.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஆர்.எஸ்.வி. 2021 கோடையில் எழுந்தது. ஜப்பானிலும் அதே கோடையில் பெரும் அலை. பிரான்சில் 2020 டிசம்பரில் வர வேண்டியது 2021 வசந்தத்துக்குத் தள்ளிப்போனது. இப்படியெல்லாம் நடக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர்களும் இருந்தார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் பேக்கர், பிரையன் கிரென்ஃபெல் குழுவினர் 2020இல் வெளியிட்ட கட்டுரையில், கட்டுப்பாடுகள் சில மாதங்களே நீடித்தாலும் ஆர்.எஸ்.வி.யைச் சந்திக்காத குழந்தைகள் சேர்ந்துகொண்டே போவார்கள், பிறகு வரும் அலை பெரிதாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். எச்சரிக்கை நேரத்தோடுதான் வந்தது. இருந்தும் 2022 நவம்பரில் ஆர்.எஸ்.வி., ஃப்ளூ, கோவிட் மூன்றும் ஒன்றாக வந்தபோது, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் குழந்தைகள் மருத்துவமனைகளின் சங்கமும் அவசரநிலை அறிவிக்கச் சொல்லி அரசிடம் கேட்கும் நிலை வந்தது. வார்டுகளைத் தயார்செய்ய ஒன்றரை ஆண்டுக்கும் மேல் இருந்தது. அந்த அவகாசம் வீணானது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

வைரஸ்கள் ஒன்றையொன்று தள்ளிவிடவும் செய்யும். ஒரு வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் இறங்கினால் அங்குள்ள செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் பொருளைச் சுரக்கும். சில நாட்களுக்கு அடுத்த வைரஸுக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். 2009இல் ஐரோப்பாவின் சில நாடுகளில் பன்றிக் காய்ச்சல் தாமதமாகப் பரவியதற்கு, அப்போது பள்ளிகளில் சுற்றிக்கொண்டிருந்த ரைனோவைரஸ் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. பிறகு யேல் பல்கலைக்கழக ஆய்வகத்தில், ரைனோவைரஸ் தொற்றிய மூச்சுக்குழாய் செல்களில் ஃப்ளூ வளராமல் தடுக்கப்படுவதை நேரடியாகவே பார்த்தார்கள். 2021 டிசம்பரில் அமெரிக்காவில் ஏறத் தொடங்கிய ஃப்ளூ, ஒமிக்ரான் வந்ததும் படுத்துவிட்டு, மார்ச்சுக்குப் பிறகு மறுபடி எழுந்து ஜூன் வரை நீடித்தது. இன்டர்ஃபெரான் பாதி, மக்கள் வீட்டுக்குள் இருந்தது பாதி என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும்விடத் தாமதமாக வந்தது வைரஸே அல்லாத மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா. அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய் நோயாக வெளிப்பட இரண்டு மூன்று வாரம் ஆகும். மெதுவாக நகர்வதால் அறுந்த சங்கிலி மறுபடி கூடவும் ஆண்டுக்கணக்கில் ஆனது. 2023 நவம்பரில் வடக்குச் சீனக் குழந்தைகள் மருத்துவமனைகளில் கூட்டம் அலைமோதிய படங்கள் வந்தபோது, இன்னொரு பெருந்தொற்றோ என்று உலகமே பதறியது. உலக சுகாதார நிறுவனம் சீனாவிடம் விவரம் கேட்டது. வந்த பதிலில் புதிதாக எதுவும் இல்லை: மே மாதம் முதலே மைக்கோபிளாஸ்மா, அக்டோபர் முதல் ஆர்.எஸ்.வி., அடினோவைரஸ், ஃப்ளூ. கடும் கட்டுப்பாடுகளை 2022 டிசம்பரில் விலக்கிய பிறகு அந்த நாடு பார்த்த முதல் முழுக் குளிர்காலம் அது.

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை திறந்தது 2021 நவம்பர் 1. ஒன்றரை ஆண்டுக்கும் மேல். 2023 தொடக்கத்தில் நாடெங்கும் எச்3என்2 ஃப்ளூ பரவியபோது, 'மூணு வாரமா இருமல் விடல' என்று சொல்லாத வீடு இல்லை. மார்ச்சில் தமிழக அரசு ஊர் ஊராகக் காய்ச்சல் முகாம்கள் நடத்தியது. புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பத்து நாட்கள் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். சென்னை, வேலூர்ப் பக்கம் ஃப்ளூ உச்சத்துக்கு வருவது வழக்கமாக வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். மார்ச்சில் முகாம் போடும் அளவுக்கு வந்ததே பருவம் தப்பியது. முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள் ஃப்ளூ ஊசி போட நினைத்தால் மழை தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நம் ஊருக்குப் பொருந்தும்.

அப்புறம் 2025 ஜனவரி. சென்னையில் ஒன்று, சேலத்தில் ஒன்று என்று எச்.எம்.பி.வி. என்ற சளி வைரஸின் தொற்று உறுதியான செய்தி வந்த அன்று வாட்ஸ்அப் முழுக்க ஊரடங்குப் பேச்சு. அந்த வைரஸ் நெதர்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது 2001இல். பாதுகாத்து வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளைச் சோதித்ததில் 1958இலிருந்தே மனிதர்களிடம் அது இருந்தது தெரிந்தது. ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் வந்துபோகும் வைரஸ். அந்த இரண்டு பேரும் முதல் நோயாளிகள் அல்ல. சோதித்துப் பெயர் தெரிந்த நோயாளிகள்.

திரும்பி வராததும் ஒன்று உண்டு. ஃப்ளூ பி வகையில் 1980களிலிருந்து விக்டோரியா, யாமகட்டா என்ற இரண்டு கிளைகள் தனித்தனியாகப் பிரிந்து ஓடின. 2020 மார்ச்சுக்குப் பிறகு யாமகட்டா கிளை இயற்கையாகப் பரவியதாக உறுதியான ஒரு பதிவும் உலகில் எங்கும் இல்லை. ஏற்கெனவே மெலிந்திருந்த கிளை. மெதுவாக மாறும், பயணமும் குறைவு. மனிதர்கள் ஒருவரையொருவர் சந்திக்காத சில மாதங்களிலேயே அது அணைந்துபோயிருக்கிறது. இனி அதைத் தடுப்பூசியில் சேர்க்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் சொன்னது. நான்கு வகைக்கு எதிராக இருந்த ஃப்ளூ ஊசி அமெரிக்காவில் 2024 முதல் மூன்று வகையோடு வருகிறது.

ஆர்.எஸ்.வி. அப்படி அணையாது. அதற்கு இப்போது வேறு வழி கிடைத்திருக்கிறது. நிர்செவிமாப் என்ற எதிர்ப்புப் புரத ஊசி, பிறந்த குழந்தைக்கு ஒருமுறை போட்டால் ஒரு பருவம் முழுக்கக் காக்கும். ஸ்பெயினின் கலீசியா மாகாணம் 2023 செப்டம்பரில் எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் அதைக் கொடுக்கத் தொடங்கியது. ஆர்.எஸ்.வி.க்காக மருத்துவமனையில் சேர்வதை அது 82 சதவீதம் தடுத்தது. கர்ப்பிணித் தாய்க்குப் போடும் தடுப்பூசியும் 2023இலேயே வந்துவிட்டது. சந்திக்காத குழந்தைகள் எத்தனை சேர்ந்திருந்தாலும், ஆபத்தான முதல் ஆறு மாதத்தை இப்படித் தாண்டிவிட்டால் மீதி பெரும்பாலும் சாதாரணச் சளியாகவே முடியும்.

2019இல் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் ஒரு லட்சம் பேர் ஆர்.எஸ்.வி.யால் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. 97 சதவீதத்துக்கு மேல் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும். நான்கில் மூன்று மரணங்கள் ஆஸ்பத்திரிக்கு வெளியே, எந்தச் சோதனையும் நடக்காமல். ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் நம் நாட்டில், இழுப்போடு வரும் பிள்ளைக்கு என்ன வைரஸ் என்று பார்க்கும் பி.சி.ஆர். சோதனை தனியார் ஆய்வகங்களில் சில ஆயிரம் ரூபாய். பெரும்பாலான சீட்டுகளில் 'வைரல் காய்ச்சல்' என்ற ஒரே வார்த்தைதான் இருக்கும். எந்த மாதம் எந்த வைரஸ் ஏறுகிறது, எந்த வயதைப் பிடிக்கிறது என்று தெரியாமல் எந்த மாவட்டத்தில் எத்தனை ஆக்ஸிஜன் படுக்கை வேண்டும் என்று முடிவுசெய்ய வழியில்லை. கோவிட் காலத்தில் பல மாவட்டங்களின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் உருவான பி.சி.ஆர். ஆய்வகங்களும் அங்கே பழகிய ஆட்களும் இருக்கிறார்கள். வாரத்துக்குச் சில மாதிரிகளை, மூச்சுத்திணறலோடு சேரும் குழந்தைகளிடமிருந்து எடுத்து, ஆர்.எஸ்.வி., ஃப்ளூ, எச்.எம்.பி.வி., அடினோவைரஸ் நான்குக்கும் பார்த்து, முடிவை வயதுவாரியாக வாராவாரம் வெளியிட அந்த ஆய்வகங்களால் முடியும்.